பாலத்தடியில் நின்ற வண்டி

இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவளுக்கு ஒரு நாற்காலி கிடைக்கப்போகிறது என்றால் வீட்டில் வேறு என்ன பேச்சு இருக்கும். டவுன் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் அறையின் ஜன்னலை ஒட்டிக் கிடக்கும் அந்த நாற்காலி அவள் கணவருக்கு மனப்பாடம். பச்சை ரெக்சின், இரும்புக் கால், இடது ஓரம் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். பழைய டைம்கீப்பர் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. அந்த இடத்துக்கு ஆள் போடும் பட்டியல் திங்கட்கிழமை டிப்போ பலகையில் ஒட்டப்படும், அதில் உன் பெயர் இருக்கிறது என்று மேனேஜரே அவளிடம் சொல்லிவிட்டார்.

"ஒரு குஷன் தைச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டார் கணவர். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவர். தைப்பதும் ஒட்டுவதும் அவருக்குக் கைப்பழக்கம்.

"முதல்ல உட்கார விடுங்க. அப்புறம் குஷனைப் பார்க்கலாம்."

"அம்மா உட்கார்ந்தா தூங்கிடுவாங்கப்பா," என்றாள் மகள். "நிக்கிறதாலதான் முழிச்சிட்டிருக்காங்க."

டிப்போவில் அவளை விசில் அக்கா என்பார்கள். விசிலைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டேதான் டிக்கெட் கிழிப்பாள், வழி சொல்லுவாள், சண்டையும் போடுவாள். சண்டை முற்றினால் மட்டும் விசிலை வெளியே எடுப்பாள். வழக்கமான பயணிகள் அவள் கை வாயருகே போகும்போதே அடங்கிவிடுவார்கள். வயது நாற்பத்தேழு. முழங்கால் இரண்டும் எப்போதோ போய்விட்டன. மாடிப்படி என்றால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி ஏறுவாள்.

அவளுடைய வண்டியின் டிரைவருக்கு நாப்பது என்று பெயர். வேகம் நாற்பதைத் தாண்டாது என்பதால் பயணிகள் வைத்தது. பதினோரு வருடமாக இருவரும் ஒரே வண்டி.

அந்த வியாழக்கிழமை மதிய டிரிப் கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருவன் படிக்கட்டருகே வந்து நின்றான். கையில் பிளாஸ்டிக் கவர், நக இடுக்கெல்லாம் சிமெண்டு. அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. நான்கு வாரத்துக்கு முன்னால் இதே வண்டியின் கடைசி நீளச் சீட்டில் இவன் மனைவிதான் பிரசவித்தாள்.

"வாப்பா. பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காக்கா. குடிக்கிறா, கத்துறா." அவன் சிரிக்கவில்லை. "ஆனா பதிய மாட்டேங்கிறாங்க."

"ஏன்?"

"ஏறிக்கட்டுமா? போய்க்கிட்டே சொல்றேன்."

டைல்ஸ் ஒட்டுகிற வேலை அவனுக்கு. கோணல்மாணல் இல்லாமல் வரிசையாகச் சொன்னான். ஓடுகிற வண்டியில் குழந்தை பிறந்தால், பிறந்த பிறகு வண்டி முதலில் எங்கே நின்றதோ அந்த ஊர் ஆபீசில்தான் பதிய வேண்டும். வண்டி நின்றது பாலத்தடியில். பாலத்தடி ஆபீசுக்குப் போனான். வண்டி இங்கே நின்றதற்கு டிப்போவில் கடிதம் வாங்கி வா என்றார்கள். டிப்போவில் ஒரு வாரம் அலையவிட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதை அவளிடம் நீட்டினான்.

அவள் படித்தாள். டிரிப் ஷீட்டின்படி மேற்படி வண்டி 2.10க்குப் பாலத்தடியைக் கடந்தது. 2.30க்கு டவுன் பஸ் ஸ்டாண்டு சேர்ந்தது. இடையில் எங்கும் நிறுத்தப்படவில்லை.

"பாப்பா பொறந்தது ரெண்டு பதினாறு," என்றான் அவன். "இதுல பார்த்தா அப்ப வண்டி பாலத்தைத் தாண்டி அந்தக் கரைக்கே போயிடுச்சு. அதனால டவுன் ஆபீசுக்குப் போன்னுட்டாங்க. அங்க போனா கிளினிக் சீட்டைப் பார்த்தாங்க. ரெண்டரைக்குப் பாலத்தடி கிளினிக்ல படுத்திருந்த பொம்பளை, அதே ரெண்டரைக்கு எங்க பஸ் ஸ்டாண்டுல எப்படிப்பா இறங்கினான்னு கேட்டாங்க. ரெண்டு பேப்பர்ல ஒண்ணு பொய், எதுன்னு தெரிஞ்சிக்கிட்டு வான்னாங்க."

அவன் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

எந்தப் பேப்பர் பொய் என்று அவளுக்குத் தெரியும். எழுதியது அவள்தான்.

டிரிப் ஷீட் என்பது ஒரு நீளத் தாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வண்டி வந்த நேரத்தை, வந்த பிறகு, அந்த இடத்தில் வைத்து எழுத வேண்டும். அப்படி எழுதுகிற கண்டக்டர் யாரும் இல்லை. கடைசிப் பத்து நிறுத்தங்களில் கூட்டம் நெரியும், பேனாவைத் திறக்க இடம் இருக்காது. அதனால் கூட்டம் ஏறுவதற்கு முன்பே மீதி நேரங்களையெல்லாம் அட்டவணைப்படி எழுதிவைத்துவிடுவார்கள். டிப்போவில் அதற்கு ஜோசியம் எழுதுவது என்று பெயர். "என்னக்கா, ஜோசியம் போட்டாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். போன வருடம் வேறொரு டிப்போவில் ஒரு வண்டி மரத்தில் மோதி இரண்டு பேருக்குக் கை உடைந்தது. மோதிய நேரத்தில் அந்த வண்டி பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துவிட்டதாக ஷீட்டில் இருந்தது. அதற்குப் பிறகு சுற்றறிக்கை வந்தது. முன்கூட்டி எழுதினால் பதினைந்து நாள் சஸ்பென்ஷன், ஐந்து வருடத்துக்குப் பதவி உயர்வு கிடையாது. எல்லோரும் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் தொடர்ந்து எழுதினார்கள்.

அன்றும் அப்படித்தான். ஒன்று ஐம்பதுக்கே டவுன் வரைக்கும் எழுதி முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு பாலத்துக்கு முந்தின சாலையில் லாரிகள் அடைத்துக்கொண்டு வண்டி ஊர்ந்தது. பின்சீட்டுப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என்னால முடியல," என்றாள். இரண்டு பெண்கள் போர்வையை விரித்துப் பிடித்தார்கள். விசில் அக்கா பையைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டு மண்டி போட்டாள். முழங்கால் வலி அப்போது தெரியவில்லை. கைக்குள் ஒரு தலை வந்தது, பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது. குழந்தை அழுததும் அவள் மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தாள். எது நடந்தாலும் மணி பார்ப்பது அவள் தொழில். இரண்டு பதினாறு.

இரண்டு பதினெட்டுக்கு நாப்பது வண்டியைப் பாலத்தடியில் ஓரம் கட்டினார். காய்கறி ஏற்றிப்போகும் ஒரு சின்ன வேனை மறித்து, தாயையும் பிள்ளையையும் தகப்பனையும் ஏற்றி, பாலத்தைத் தாண்டாமல் அதே கரையில் இருந்த கிளினிக்குக்கு அனுப்பினார்கள். வேன் நகரும்போது அவள்தான் கத்திச் சொன்னாள், "மணி கேட்டா ரெண்டு பதினாறுன்னு சொல்லு." பிறகு பயணிகள் தந்த பாட்டில் தண்ணீரில் தரையைக் கழுவி, கிளம்பி, டவுனுக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டு ஐம்பது. டைம்கீப்பர் நாற்காலி காலி. தாமதம் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. சாயங்காலம் பையோடு ஷீட்டையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஞாபகம் வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் டிப்போவே அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தது. பாராட்டுக்கு நடுவில் அதை எப்படிச் சொல்வது.

"எப்ப வரைக்கும் டைம் இருக்கு?" என்று அவனைக் கேட்டாள்.

"முப்பது நாள்தான்க்கா. ஞாயித்துக்கிழமையோட முடியுது. ஞாயிறு லீவு. சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆபீசை மூடிடுவாங்க. அதுக்கப்புறம்னா கோர்ட்டு, பெரிய ஆபீசர், சாட்சின்னு ஆறு மாசம் இழுக்குமாம். எங்களுக்கு ஞாயிறு காலையில ரயில். மேஸ்திரி ஆளுங்களை மொத்தமா கூட்டிட்டுப் போறார். போனா வேலை முடிய மூணு வருஷம்."

அவள் விசிலைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள். பாலத்தடி வந்ததும் அவன் இறங்கினான். "சனிக்கிழமை காலையில டிப்போவுக்கு வா," என்றாள். செய்து தருகிறேன் என்று சொல்லவில்லை.

டவுனில் டீ குடிக்கும்போது நாப்பதிடம் சொன்னாள். அவர் கண்ணாடி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டார்.

"இதோ பாரும்மா. ஷீட்டுல டிரைவர் கையெழுத்தும் இருக்கு. நீ ஒருத்தி போய் ஒத்துக்கிட்டா எனக்கும் மெமோ வரும். அதைக்கூட விடு. உன் ஷீட் தப்புன்னா மத்தவன் ஷீட்டையும் எடுத்துப் பார்ப்பாங்க. நாப்பது கண்டக்டர் குடும்பம் உன்னை வாழ்த்தாது."

"அந்தப் புள்ளை என்ன பண்ணும்ணே?"

"வளரும். பேப்பர் இல்லாம யாரும் வளரலையா?"

"நீங்க உங்க பேரனுக்கு மூணாம் நாளே போய்ப் பதிஞ்சீங்க. எங்கிட்டதான் லீவு லெட்டர் எழுதி வாங்கினீங்க."

அவர் மீதி டீயைக் குடிக்காமல் எழுந்துபோனார். திரும்பி வரும் வழியில் வண்டி முப்பதைத் தாண்டவில்லை. கோபம் வந்தால் அவருக்கு வேகம் இன்னும் குறையும்.

வீட்டில் கணவர் குஷனுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். முதலில் உட்காரட்டும் என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே யோசித்தார்.

"உன் ஷீட் டிப்போவுல பூட்டிக் கிடக்கு. அதை மாத்த முடியாது. கிளினிக் சீட்டை மாத்தலாமே? ரெண்டரைன்னு இருக்கறதை மூணுன்னு போட்டுக் கொடுத்தா டவுன் ஆபீஸ்ல பதிஞ்சிடுவாங்க. டவுன்ல இறங்கி, ஒரு வண்டி பிடிச்சு இந்தக் கரைக்கு வந்தாங்கன்னு வெச்சுக்க. யாருக்கு நஷ்டம்?"

அவளுக்கும் அது தோன்றியிருந்தது. அவர் வாயால் கேட்டபோது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டிரிப்பை இன்னொருவரிடம் மாற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். இரண்டு அறை, ஒரு வராந்தா, பெஞ்சில் வரிசையாக இருமிக்கொண்டிருப்பவர்கள். நர்ஸ் ஐம்பதைத் தாண்டியவள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடிக்கொண்டே இருப்பவள். விசில் அக்காவைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"அன்னிக்குத் தொப்புள்கொடியை நீங்க தொடாம அனுப்பினீங்க பாருங்க, அதுதான் புத்திசாலித்தனம். பாதிப் பேர் பிளேடை எடுத்துட்டு வந்துருவாங்க."

"எனக்கு என்ன பண்ணணும்னு தெரியல சிஸ்டர். அதான் எதுவும் பண்ணல."

"அதுவும் ஒரு திறமை. சொல்லுங்க, என்ன விஷயம்?"

விஷயத்தைச் சொன்னாள். மூன்று மணி என்று மாற்றிக் கொடுக்க முடியுமா என்பதைக் கடைசியில், நர்ஸ் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். நர்ஸ் உடனே முடியாது என்று சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து மூன்று நோட்டுகளை எடுத்து மேஜையில் போட்டாள்.

"இது உள்ளே வந்தவங்க நோட்டு. இது தாய்க்கு ஊசி போட்ட நோட்டு, ரெண்டு முப்பத்தஞ்சு. இது குழந்தை எடை பார்த்த நோட்டு, ரெண்டு நாப்பது. மூணையும் மாத்தணும். அடுத்து வந்தவன் விரல் நசுங்கி ரெண்டு ஐம்பதுக்கு வந்தான், அவனையும் தள்ளணும். அவனுக்குப் பின்னால வந்தவங்களையும் தள்ளணும்." நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி, முதல் நோட்டில் ஒரு வரியைக் காட்டினாள். "இதையும் பாருங்க. பிறந்த நேரம் ரெண்டு பதினாறு. சொன்னது யாருன்னு எழுதியிருக்கேன்."

கண்டக்டர் சொன்னபடி என்று எழுதியிருந்தது.

"புருஷங்காரனுக்கு அன்னிக்கு கிழமையே தெரியல. நீங்க சொல்லி அனுப்பின நேரத்தைத்தான் எழுதினேன். அந்த ஷீட்டும் உங்களோடது, இந்த வரியும் உங்களோடது. உங்க பேப்பரோட உங்க பேப்பர் சண்டை போடுது. என் நோட்டை ஏன் நடுவுல இழுக்கறீங்க?"

சொல்லிவிட்டு, வெளியே இருமலைப் பார்க்கப் போனாள். விசில் அக்கா அந்த மூன்று நோட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் கணவர் அவள் முகத்தைப் பார்த்து, தைத்துக்கொண்டிருந்த குஷனை மடித்து அலமாரிக்கு மேலே வைத்தார்.

"போய்ச் சொன்னா நாற்காலி போயிடும்," என்றாள்.

"தெரியும்."

"ரிடையர் ஆகற வரைக்கும் இன்னும் பதினோரு வருஷம் நிக்கணும்."

"அதுவும் தெரியும். நான் வேண்டாம்னு சொல்லணும்னு எதிர்பார்க்கிறியா, இல்ல போன்னு சொல்லணும்னா?"

"ரெண்டையும் சொல்லாதீங்க."

"அதான் சும்மா இருக்கேன்."

சனிக்கிழமை அவளுக்கு வார ஓய்வு. ஒன்பதரைக்கே டிப்போவுக்குப் போய்விட்டாள். டைல்ஸ்காரன் ஏற்கெனவே வந்திருந்தான், மனைவியும் குழந்தையும் கூடவே. மேனேஜர் பத்து மணிக்கு வருவார் என்றார்கள். பத்தரை ஆயிற்று. மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். டிப்போவிலிருந்து பாலத்தடி ஆபீசுக்கு வழக்கமாக ஐம்பது நிமிடம். பன்னிரண்டு பத்துக்கு ஒரு வண்டி, அதை விட்டால் ஒரு மணிக்குத்தான் அடுத்தது.

தாய் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தோரு வயது இருக்கும் என்று விசில் அக்கா நினைத்தாள். கேட்டும் விட்டாள்.

"எனக்கே சரியாத் தெரியாதுக்கா," என்றாள் அந்தப் பெண். "எங்க அப்பா அம்மாவும் இப்படித்தான் வேலைக்கு ஊர் ஊராப் போனவங்க. எங்கேயும் பதியல. ஸ்கூல்ல ஒரு வயசு, கல்யாணத்துல ஒரு வயசு, கிளினிக்ல ஒரு வயசு. ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியில துடைக்கிற வேலைக்குப் போனேன். நிரந்தர வேலை. பிறந்த சீட்டு கேட்டாங்க. இல்லைன்னேன். அப்ப நீ பிறந்ததுக்கு என்ன அத்தாட்சின்னாங்க. நான்தான் உங்க முன்னால நிக்கிறேனேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நல்லாப் பேசறேன்னு சிரிச்சாங்க. வேலை கொடுக்கல." குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "ஒரு சீட்டு இல்லாததால நான் இன்னிவரைக்கும் சட்டியில மணல்தான் சுமக்கிறேன்."

மேனேஜர் வரும்போது பதினொன்று இருபது.

விசில் அக்கா சொன்னதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தில் கை வைத்திருந்தார்.

"பாலத்தடியில வண்டி நின்னது எனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். நீங்க தூக்கிக் கொடுத்த குழந்தையைப் பத்தி நானே எங்க வீட்ல கதை சொன்னேன். ஆனா லெட்டருக்கு ஷீட்டைத்தான் பார்க்கணும். கையெழுத்துப் போடும்போதே ஷீட்டைக் கவனிச்சேன். கவனிக்காத மாதிரி விட்டேன். ஏன்னு உங்களுக்குப் புரியும்."

"புரியுது சார்."

"திங்கட்கிழமை லிஸ்ட் ஒட்டறேன். ஒட்டிட்டா நீங்க டைம்கீப்பர். செவ்வாய்க்கிழமை வாங்க. என்ன லெட்டர் வேணுமோ போட்டுத் தரேன். மெமோ வரும், சின்னதா முடிச்சிடலாம். ஆர்டர் வந்த பதவியைப் பறிக்கமாட்டாங்க. இன்னிக்கு எழுதிக் கொடுத்தீங்கன்னா இந்தத் தாளோட நான் லிஸ்ட்ல கையெழுத்துப் போட முடியாது."

நல்ல மனுஷர். நாற்காலியில் அவளை உட்காரவைக்க உண்மையாகவே விரும்பினார். மூன்றே நாள்தான் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண் குழந்தையோடு பெஞ்சுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. சுவரில் கடிகாரம் பதினொன்று முப்பத்தெட்டு காட்டியது. அது நான்கு நிமிடம் மெதுவாக ஓடும் கடிகாரம் என்பது விசில் அக்காவுக்குத் தெரியும்.

"செவ்வாய்க்கிழமை அவங்க ரயில்ல இருப்பாங்க சார்," என்றாள். "பேப்பர் குடுங்க."

எழுதினாள். எத்தனை மணிக்கு ஷீட்டை முன்கூட்டி நிரப்பினாள், உண்மையில் எத்தனை மணிக்கு வண்டி பாலத்தடியில் நின்றது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, டவுனுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது. நான்கு வரிதான். அதை எழுத அவளுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. மற்றவர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று எழுதவில்லை. மேனேஜர் படித்தார், கன்னத்திலிருந்து கையை எடுத்தார், டைப்பிஸ்டைக் கூப்பிட்டார். புதுக் கடிதம் டைப்பாகி, முத்திரை மையில்லாமல் இன்னொரு அறையிலிருந்து மை வந்து, கையெழுத்தாகும்போது பன்னிரண்டு பதினொன்று.

பன்னிரண்டு பத்து வண்டி டிப்போ வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் சீட்டில் நாப்பது. மாற்றுக் கண்டக்டர் கோபமாக வாட்சைத் தட்டிக்காட்டிக்கொண்டிருந்தான். நாப்பது நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு, "வண்டியில ஏதோ சத்தம் வந்துச்சு, பார்த்துட்டு எடுக்கறேன்," என்றார். மூவரும் குழந்தையோடு ஏறியதும் சத்தம் நின்றுவிட்டது.

விசில் அக்கா அவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றாள். அவர் அவளிடம் பேசவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார். முதல் நிறுத்தம் தாண்டியதும் வண்டி நாற்பதைத் தொட்டது. தொட்டுவிட்டு நிற்கவில்லை. ஐம்பது, ஐம்பத்தைந்து. ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன.

"அண்ணே, பிரேக் போயிடுச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"போகல. வாயை மூடிட்டு உட்காரு," என்றார் நாப்பது.

பாலத்தடியில் இறங்கும்போது பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. ஆபீஸ் ஒரு சந்தின் கோடியில், மாடியில். டைல்ஸ்காரன் இரண்டிரண்டு படியாக ஓடினான். விசில் அக்கா பக்கவாட்டில் ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு. மேலே போகும்போது எழுத்தர் அம்மா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பதிவேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமை வாங்க."

"மேடம், மணி ஒண்ணாக இன்னும் நாலு நிமிஷம் இருக்கு," என்றாள் விசில் அக்கா. மூச்சு வாங்கியதில் குரல் பாதிதான் வந்தது. மணிக்கட்டைத் திருப்பி நீட்டினாள்.

எழுத்தர் அம்மா அந்த வாட்சையும் தன் வாட்சையும் பார்த்தாள். பையைக் கழற்றினாள். கடிதத்தைப் படித்தாள், கிளினிக் சீட்டைப் படித்தாள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் நேரங்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்ப சரியா இருக்கு," என்றாள். படிவத்தை எடுத்தாள். தகப்பன் பேனாவுக்குக் கை நீட்டினான்.

"நீங்க இல்ல. வண்டியில பிறந்தா தகவல் தர வேண்டியது வண்டிக்குப் பொறுப்பானவங்க. யார் கண்டக்டர்?"

"நான்தான்."

"அப்ப இதை நீங்கதான் முதல் வாரமே வந்து செஞ்சிருக்கணும். இத்தனை நாளா இவரை எதுக்கு அலைய விட்டீங்க?"

விசில் அக்கா பேனாவை வாங்கினாள். தகவல் தருபவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறந்த இடம்: ஓடும் பேருந்து, முதலில் நின்றது பாலத்தடி நிறுத்தம். பிறந்த நேரம் 2.16. பெயர்?

தாயும் தகப்பனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அக்கா பேரை வைக்கலாம்னு..." என்று இழுத்தான் அவன்.

"வேண்டாம்பா. என் பேரை வெச்சு அவளும் ஆயுசுக்கும் நிக்கணுமா?"

"பெயரை அப்புறம் சேர்த்துக்கலாம்," என்றாள் எழுத்தர். "ஒரு வருஷம் டைம் இருக்கு. காலியா விடறேன்." முத்திரை விழுந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இதுக்கப்புறம் யாராவது வந்தா நான் இல்லை."

தாய் அந்தத் தாளைப் படிக்கவில்லை. குழந்தைக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். பிறகு வியர்வை படும் என்று தோன்றியதோ என்னவோ, எடுத்துக் கணவனின் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரை இரண்டாக மடித்தாள்.

திங்கட்கிழமை பட்டியலில் அவள் பெயர் இல்லை. பதினைந்து நாள் சஸ்பென்ஷன் அவளுக்கு, நாப்பதுக்கு ஒரு மெமோ. அந்தப் பதினைந்து நாளில் டிப்போவில் எல்லோருடைய பழைய ஷீட்டையும் கட்டுக்கட்டாக எடுத்துப் பார்த்தார்கள், ஏழு பேருக்கு மெமோ வந்தது. அவள் வேலைக்குத் திரும்பிய அன்று ஓய்வறையில் பேச்சு நின்றது. யாரோ, "வாங்க ஜோசியக்காரம்மா, எங்க எதிர்காலத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க," என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவள் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

வண்டியில் டிரைவர் சீட்டில் ஒரு புதுக் குஷன் இருந்தது. கணவர் தைத்த குஷன்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட நானே கேட்டு வாங்கினேன்," என்றார் நாப்பது. பதினைந்து நாளில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "மெமோவுக்கு வட்டி. உனக்குத்தான் உட்கார யோகம் இல்லையே."

மதிய டிரிப்பில் பாலத்தடியில் ஏறவோ இறங்கவோ யாரும் இல்லை. நாப்பது வண்டியை நிறுத்தினார். கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் கூட்டத்துக்கு நடுவில் ஷீட்டைக் கம்பியில் அழுத்திவைத்து, வாட்சைப் பார்த்து எழுதினாள். 2.19.

"எழுதிட்டியா?"

விசில் கொடுத்தாள். வண்டி நகர்ந்தது.

டவுன் பஸ் ஸ்டாண்டில் பச்சை நாற்காலியில் புது டைம்கீப்பர் உட்கார்ந்திருந்தான். அவளைவிடப் பத்து வருடம் இளையவன். கிழிந்த ஓரத்தில் டேப் ஒட்டியிருந்தான். ஜன்னல் வழியாக ஷீட்டை வாங்கிப் பார்த்தான்.

"ஒன்பது நிமிஷம் லேட்டு. காரணம் என்னன்னு எழுதறது அக்கா?"

"பாலத்துக்கு முன்னால லாரி."

அவன் எழுத ஆரம்பித்தான். எழுத்து மெதுவாக, ஒவ்வொன்றாக வந்தது. அவள் முழங்காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.